யாழினி என்ற பெயரில் இரண்டு வரிகள்

பர்சனல் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு டூப்ளிகேட் என்ட்ரிகளைப் பற்றிப் பேசவேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எக்செல் ஃபார்முலா விஷயத்தில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் என்று எனக்குத் தெரியும். நான் கற்றதெல்லாம் அரக்கோணத்திலிருந்து ஆம்பூருக்கு வேலைக்குப் போகும்போது, ரயிலில் உட்கார இடம் கிடைத்த நாட்களில், போனில் வீடியோ பார்த்துக் கற்றதுதான். காட்பாடி தாண்டினால் அடிக்கடி சிக்னல் போய்விடும். அதனால் மேடத்துக்கு எல்லா ஃபார்முலாவும் பாதிதான் தெரியும் என்று ஆபீசில் கேலி செய்வார்கள். அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் ரிட்டயர் ஆகும்வரை ஓட்டினேன்.

ஆகவே எந்த அடைப்புக்குறிக்குள் எதைப் போடுவது என்று நான் சொல்லப்போவதில்லை. ஃபார்முலா தன் வேலையை முடித்துவிட்டு, 'இந்த வரிகள் ஒன்றுபோல இருக்கின்றன, இனி நீ பார்த்துக்கொள்' என்று ஒதுங்கிக்கொள்ளும் இடம் ஒன்று வரும். அங்கே நமக்கு என்ன ஆகிறது என்பதற்கு எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்தது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. அதற்கு ஒரு தோல் தொழிற்சாலையும், ஷூ தைக்கும் யூனிட்கள் சிலவும் இருந்தன. அரசாங்கத்தின் ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதி இருந்தாலும், அதற்கு மேல் கம்பெனி சார்பில் தொழிலாளர்களின் குடும்பத்துக்கும் ஒரு மருத்துவ இன்சூரன்ஸ் எடுப்பது என்று முடிவானது. நல்ல காரியம். எல்லோருக்கும் சந்தோஷம். யார் யார் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை இன்சூரன்ஸ்காரர்களிடம் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு யூனிட்டிலும் ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி டைப் செய்து வைத்திருந்தார்கள். அத்தனையையும் ஒரே எக்செல் ஷீட்டில் கொண்டுவந்து கொட்டியபோது, ஒரே ஆள் இரண்டு தடவை, மூன்று தடவை என்று வந்து நின்றார்கள்.

எங்கள் மேனேஜர் சென்னையிலிருந்து வந்தவர். வயது குறைவு. கெட்டவர் இல்லை, அவசரக்காரர். ஹெட் ஆபீசிலிருந்து போன் வந்தால் எழுந்து நின்றுகொண்டுதான் பேசுவார்.

"மேடம், இதுக்குப் போய் ஏன் மண்டைய உடைச்சுக்கிறீங்க? ரிமூவ் டூப்ளிகேட்ஸ்னு ஒரு பட்டன் இருக்கு. பேரையும் அப்பா பேரையும் டிக் பண்ணி அமுக்கினா எல்லாம் போயிடும்."

"எல்லாம் போயிடும் சார். அதான் பயமா இருக்கு" என்றேன்.

அந்தப் பட்டன் வரிகளைப் படிக்காது. நாம் டிக் செய்த கட்டங்கள் ஒத்துப்போனால், முதல் வரியை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிந்துவிடும். தூக்கி எறிந்த வரியில் வேறு என்ன எழுதியிருந்தது என்று அதற்குக் கவலை கிடையாது. எனக்கு ஒரு நாள் கொடுங்கள் என்று கேட்டேன். சரி என்று தலையை ஆட்டினார்.

நான் செய்தது இவ்வளவுதான். பெயர், அப்பா பெயர், தெரு மூன்றையும் ஒட்டி ஒரு கட்டத்தில் கொண்டுவந்தேன். பக்கத்துக் கட்டத்தில், அந்த ஒட்டிய பெயர் ஷீட் முழுக்க எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணச் சொன்னேன். ஒன்று என்று வந்தால் விட்டுவிடலாம். ஒன்றுக்கு மேல் வந்தால் அது ஒரு குழு. அடுத்த கட்டத்தில், பிறந்த தேதியையும் சேர்த்து எண்ணச் சொன்னேன். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் அந்தக் குழுவில் எல்லா வரியும் ஒரே தேதியைச் சொல்கின்றன. அநேகமாக ஒரே ஆள்தான். எண்கள் வேறுபட்டால் குழுவுக்குள் பேச்சு ஒத்துப்போகவில்லை. அதற்கு மஞ்சள் அடித்துவிட்டேன். பாக்கி நேரமெல்லாம் அந்த மஞ்சளில்தான் போனது.

மஞ்சளில் முக்கால்வாசி தட்டச்சுத் தவறு. மாதமும் நாளும் இடம் மாறியிருக்கும். ஒன்றில் மட்டும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டிச்சிங் செக்‌ஷன் பெண் ஒருத்தியின் பட்டியலில் கன்னியம்மாள் என்று இரண்டு பேர், இருவருக்கும் அப்பா பெயர் முனுசாமி. கேட்டால், ஒருவர் அவளுடைய அம்மா, இன்னொருவர் மாமியார். "ரெண்டுல எதைத் தூக்கினாலும் எங்க வீட்டுல சண்டைதான் மேடம்" என்றாள் அவள். பட்டனை அமுக்கியிருந்தால் மாமியாருக்கு இன்சூரன்ஸ் போயிருக்கும், அவளுக்கு நிம்மதி போயிருக்கும்.

அந்தக் குழுவுக்குச் சற்றுக் கீழே யாழினி இருந்தாள்.

யாழினி, தகப்பனார் ஏழுமலை. மூன்று வரிகள். ஏழுமலை ஃபினிஷிங் செக்‌ஷனில் வேலை செய்தார். தயாரான ஷூவுக்குக் கிரீம் தேய்த்துப் பளபளப்பு ஏற்றும் வேலை. அவர் மனைவி மல்லிகா ஸ்டிச்சிங்கில், மெஷினில் உட்கார்ந்து தைப்பவள். இருவரும் அவரவர் படிவத்தில் குழந்தையை எழுதியிருந்ததால் பெயர் இரண்டு தடவை வருவது நியாயம். அந்த இரண்டு வரியிலும் ஒரே பிறந்த தேதி. மூன்றாவது வரியும் ஏழுமலையின் கணக்கில்தான் இருந்தது. அதே பெயர், அதே தெரு, ஆனால் பிறந்த தேதி மட்டும் சில வருடங்கள் முந்தியது.

இதற்கு நடுவில் ஹெட் ஆபீசிலிருந்து ஒரு மெயில் வந்தது. இன்னொரு யூனிட்டில் யாரோ அண்ணன் பிள்ளைகளைத் தன் பிள்ளைகள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அது தெரிந்துபோனதும் ஹெட் ஆபீசில் எல்லோருக்கும் கோபம். பிறந்த தேதி ஒத்துவராத பட்டியல் யார் கொடுத்திருந்தாலும், பொய்த் தகவல் கொடுத்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுக்கவேண்டும் என்று உத்தரவு. மேனேஜர் மெமோக்களை பிரின்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, என் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தார். அதில் ஏழுமலை பெயரும் இருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுங்க மேடம்."

மெமோ என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். பொய்த் தகவல் என்று ஒரு மெமோ ஃபைலில் ஏறினால், பிறகு ஆள் குறைக்கும்போது அந்த ஃபைல்தான் முதலில் திறக்கும். ஏழுமலையின் ஃபைலில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. லீவு சொல்லாமல் வேலைக்கு வராததற்கு. அது நான் அந்த யூனிட்டுக்கு மாறி வருவதற்கு முந்தையது.

மெமோக்களை டிராயரில் போட்டுவிட்டு, மறுபடியும் அந்த மூன்று வரிகளைப் பார்த்தேன். இல்லாத குழந்தையை ஒருவர் எதற்காகச் சேர்ப்பார்? ஏதாவது கிடைக்கும் என்றுதான். இன்சூரன்ஸ் இப்போதுதான் வருகிறது, அந்த வரியோ பழையது. அப்படியானால் அதற்கு முன்னால் இந்தப் பட்டியலை வைத்துக் கம்பெனி என்ன கொடுத்தது? வருடா வருடம் ஜூனில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்போம். ஒரு கட்டு நோட்டு, ஒரு ஜாமெட்ரி பாக்ஸ். அதை வாங்க வரும் வரிசை கேட் வரைக்கும் நிற்கும்.

நோட்டு வாங்கியவர்கள் பட்டியலை எடுத்து, யாழினியின் பெயரும் பிறந்த தேதியும் சேர்ந்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணச் சொன்னேன். சின்ன யாழினிக்குப் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து ஒவ்வொரு வருடமும் வாங்கியிருக்கிறார்கள். முந்திய தேதிக்காரிக்குப் பூஜ்யம். இருந்தால் ஆறாம் வகுப்பு படிக்கவேண்டிய வயது. ஒரு தடவைகூட யாரும் அவள் பெயரைச் சொல்லி வரிசையில் நிற்கவில்லை.

பொய்க்குப் பிள்ளை சேர்த்தவன் அந்தப் பிள்ளை பெயரில் வரும் நோட்டை விட்டுவைப்பானா? குழந்தையைச் சொந்தத்தில் யாருக்காவது தத்துக் கொடுத்திருக்கலாம். அல்லது நான் நினைக்க விரும்பாத அந்த இன்னொரு காரணமாக இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

எப்படிக் கேட்பது? செக்‌ஷனுக்குப் போன் செய்து, ஏழுமலையை ஆபீசுக்கு அனுப்புங்கள் என்றால் வருவார். ஆனால் வேலை நேரத்தில் ஒருவரை பர்சனல் ஆபீசுக்குக் கூப்பிட்டால், அவர் படியேறி வருவதற்குள் லைன் முழுக்க, 'இன்னா பண்ணான் இவன்?' என்று பேச்சு ஆரம்பித்துவிடும். டீ பிரேக் வரைக்கும் பொறுத்திருந்தேன். கேன்டீனில் கூட்டம். அவர் வழக்கமாக சைக்கிள் ஸ்டாண்ட் பக்கத்துக் கட்டைச் சுவரில் தனியாக உட்கார்ந்து டீ குடிப்பார். விரல் நகமெல்லாம் கருப்புக் கிரீம். நான் வருவதைப் பார்த்து எழுந்தார்.

"உக்காருங்க ஏழுமலை. இன்சூரன்ஸ் விஷயமா ஒண்ணு கேக்கணும். பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல."

"இன்னா மேடம்?"

"உங்க பொண்ணு பேரு யாழினிதானே?"

"ஆமா மேடம். மூணாவது படிக்குது."

"லிஸ்ட்ல உங்க கணக்குல யாழினின்னு ரெண்டு வரி இருக்குது. பொறந்த தேதி வேற வேற."

அவர் டீ தம்ளரைச் சுவர்மேல் வைத்தார். வைத்த தம்ளரை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார்.

"எடுத்துட்டீங்களா மேடம்?" என்று கேட்டார்.

"இல்ல. உங்களைக் கேக்காம எடுக்கக்கூடாதுன்னுதான் வந்தேன்."

"மொதல்ல பொறந்தது மேடம் அது." சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒன்றரை வயசு. நல்லா நடப்பா. காய்ச்சல்னு வேலூருக்குத் தூக்கிட்டு ஓடினோம். ரெண்டு நாள் இருந்தா."

நான் அவர் பக்கத்தில் சுவரில் உட்கார்ந்துகொண்டேன். நின்றபடி கேட்கிற பேச்சாக அது இல்லை.

"அப்போ வேலைக்கு வரல. யாருக்கும் சொல்லல. வந்து சேர்ந்தப்போ ஒரு மெமோ குடுத்தாங்க, ஏன் வரலன்னு எழுதிக் குடுக்கச் சொல்லி. நான் இன்னான்னு எழுதறது? உடம்பு சரியில்லன்னு எழுதிக் குடுத்தேன்."

"ரெண்டாவது பொண்ணுக்கும் அதே பேர் வெச்சீங்களா?"

"அதே ஜாடை மேடம். எங்க அம்மா வேணாம்னாங்க, அந்தப் பேரு ஆகாதுன்னு சத்தம் போட்டாங்க. மல்லிகா ஒண்ணுமே சொல்லல. நான்தான் வெச்சேன். கூப்புட்டுக் கூப்புட்டு வாய் பழகிப் போச்சு. வேற பேர் வரல." கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். "அவளுக்கு அது புடிச்சுதா இல்லியான்னு இன்னிக்கு வரைக்கும் நான் கேட்டது இல்ல. அதைப் பத்தி நாங்க பேசறதே கெடையாது."

பிரேக் முடியும் மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"அப்புறமா ஆபீஸ்ல பொதுவா விசாரிச்சப்போ சொன்னாங்க மேடம், லிஸ்ட்ல ஒரு பேரை எடுக்கணும்னா ஒரு லெட்டர் எழுதிக் குடுன்னு. ரெண்டு தபா வந்தேன். கவுன்ட்டர் வரைக்கும் வந்து நின்னுட்டுத் திரும்பிப் போய்ட்டேன். அப்புறம் அப்படியே உட்டுட்டேன். ரேஷன் கார்டுல எடுத்துட்டாங்க. இங்கதான் இருக்குது." என்னைப் பார்க்காமல் கேட்டார். "எடுத்துத்தான் ஆவணுமா மேடம்?"

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆவணும் என்றால் அது உண்மை. இறந்துபோன குழந்தைக்கு இன்சூரன்ஸ் எடுக்க முடியாது, எடுத்தால் அது பொய். ஆகவேண்டாம் என்றால் அவர் மனசு குளிரும், ஆனால் நாளைக்கு யாராவது கண்டுபிடித்தால் அடிபடுவது அவர்தான். வாயில் வந்த ஆறுதலைச் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய் வேறு மாதிரி செய்வது இருக்கிறதே, அதைவிட மெமோவைக் கையில் கொடுத்துவிடலாம்.

"எனக்குத் தெரியல ஏழுமலை. மேனேஜரைக் கேட்டுட்டுச் சொல்றேன். ஆனா உங்களைக் கேக்காம ஒண்ணும் நடக்காது. இப்ப வேலைக்குப் போங்க" என்றேன்.

மேனேஜர் போனில் நின்றுகொண்டிருந்தார். முடிக்கும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறியது. ஆனாலும் அவருக்கு அவர் கவலை.

"கஷ்டமாத்தான் இருக்கு மேடம். ஆனா சிம்பதி வேற, கம்ப்ளையன்ஸ் வேற. அவர்கிட்ட பக்குவமா சொல்லி அந்த வரியை டெலீட் பண்ணிடுங்க. மெமோ வேணாம்."

"சார், இன்சூரன்ஸுக்குப் போற லிஸ்ட் வேற, நம்ம லிஸ்ட் வேற. அவங்களுக்கு உயிரோட இருக்கறவங்களை மட்டும் அனுப்புவோம். நம்ம லிஸ்ட்ல எதுக்கு சார் டெலீட் பண்ணணும்? இவர் வீட்டுல இப்படி ஒரு குழந்தை பொறந்தது உண்மைதானே? டெலீட் பண்ணா, பொறக்கவே இல்லன்னு ஆயிடுது. அதுவும் ஒரு தப்பான என்ட்ரிதான்."

"சிஸ்டம்ல அதுக்குன்னு ஒரு கட்டம் இல்லையே."

"சேர்த்தா இருக்கப்போகுது."

அவர் என் கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். பிறந்த தேதிக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழாகப் புதிதாக ஒரு கட்ட வரிசையைச் சேர்த்தார். அதில் தேதி இருந்தால் இன்சூரன்ஸ் பட்டியலுக்கு வரி போகாது, காலியாக இருந்தால் போகும். ஒரு நிமிட வேலை. தலைப்பில் ஆங்கிலத்தில் 'டெட்' என்று அடித்தார். பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.

"தமிழ்ல என்ன போடலாம் மேடம்?"

"மறைந்த தேதின்னு போடுங்க சார்."

போட்டார். பிறகு எழுந்து, "அந்த மெமோ எதுவும் இன்னும் போகலையே?" என்று கேட்டார்.

"எல்லாம் என் டிராயர்லதான் இருக்கு."

"கொண்டாங்க" என்று கட்டாக வாங்கித் தன் மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டு, பட்டியல் வர இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றார். அந்தப் பக்கம் திட்டியது எனக்கே கேட்டது. அந்த ஒரு போனை மட்டும் அவர் உட்கார்ந்துகொண்டே பேசினார்.

மஞ்சள் வரிக்காரர்கள் எல்லோரிடமும் நான் பேசி முடித்த பிறகுதான் அந்த டிராயர் திறந்தது. அவர்களில் ஒருவர் கொழுந்தியாள் மகனைத் தன் மகனாக எழுதியிருந்தார். அவருக்கு மெமோ போனது, போகவும் வேண்டும். மற்ற மெமோக்கள் கிழிந்தன. எல்லோருக்கும் உள்ளே ஒரு சோகக்கதை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பெரும்பாலான டூப்ளிகேட் வெறும் டூப்ளிகேட்தான், எடுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் எது வெறும் டூப்ளிகேட் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ள வழி கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு குழுவையும் திறந்து பார்க்கவேண்டியிருக்கிறது. எனக்கு இதில் வேறு தத்துவம் எதுவும் தெரியாது.

ஏழுமலையிடம் விஷயத்தைச் சொன்னேன். பேர் இருக்கும். பக்கத்தில் ஒரு தேதி எழுதவேண்டும், அவ்வளவுதான். இன்னொன்றும் இருந்தது. கணவன், மனைவி இருவரும் இங்கேயே வேலை செய்வதால், சின்ன யாழினி யார் பெயரில் இன்சூரன்ஸில் சேர்கிறாள் என்று இருவரும் சேர்ந்து ஒரு தாளில் கையெழுத்துப் போடவேண்டும். அந்தத் தாளில் அவர் குடும்பப் பட்டியல் முழுக்க இருக்கும்.

"மல்லிகா அதைப் பாத்துடுவாளே மேடம்" என்றார்.

"பாப்பாங்க."

"நீங்க சொல்லிடறீங்களா அவகிட்ட?"

சரி என்று சொல்லத்தான் எனக்கும் தோன்றியது. பர்சனல் ஆபீசில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு வியாதி. எல்லாவற்றையும் நாமே சொல்லி முடித்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்று நினைப்போம். "நீங்க சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கேன்" என்றேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் வந்தார்கள். ஆபீசில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மல்லிகா ஒல்லியாக, கழுத்தில் கம்பெனி அட்டையோடு, கையில் டிபன் பாக்ஸ் பையோடு நின்றாள். உட்காரச் சொன்னேன். ஏழுமலை வழியில் ஏதாவது சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். சொல்லவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. தாளை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தேன்.

அவள் மேலிருந்து படித்துக்கொண்டு வந்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது. விரலை எடுக்காமல் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எடுக்கலியா நீ?"

"எடுக்கலாம்னுதான் வந்தேன். முடியல" என்றார் ஏழுமலை. "உன்கிட்ட சொல்லல. கோச்சுக்காத."

அவள் தாளைப் பார்த்தாள். நான் மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் குடிக்கவில்லை.

"நான் இங்க சேர்றப்போ ஃபார்ம் குடுத்தாங்க மேடம்" என்று என்னிடம் சொன்னாள். "குழந்தைங்க எத்தனைன்னு கேட்டிருந்தாங்க. ரெண்டுன்னு எழுதிட்டேன். தானா கை எழுதிடுச்சு. அப்புறம் அடிச்சிட்டு ஒண்ணுன்னு எழுதினேன். அங்க இருந்தவரு, அடிச்சுத் திருத்தின ஃபார்ம் செல்லாது, வேற எழுதும்மான்னு புதுசா ஒண்ணு குடுத்தாரு. பழசைக் கசக்கிக் குப்பையில போட்டுட்டாரு." ஏழுமலையைப் பார்க்காமல் சொன்னாள். "இதுகிட்ட சொன்னா பேஜாராய்டும்னு சொல்லல."

ஏழுமலை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். "பேர் வெச்சப்பகூட நீ ஒண்ணும் சொல்லலியே. உனக்குப் புடிக்கலன்னே நெனச்சிட்டிருந்தேன்."

"புடிக்கலன்னா சொல்லமாட்டேனா? நீ அந்தப் பேரு வெச்சதாலதான் வாய் உட்டுக் கூப்புட முடியுது. நான் கூப்புடறப்போல்லாம் ரெண்டு பேரையும்தான் கூப்புடறேன்."

ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது. நம் வேலையில் வாயை மூடிக்கொண்டு உட்காரவேண்டிய நேரம் என்று ஒன்று உண்டு. தாளை ஒழுங்குபடுத்துவது, பேனா தேடுவது எல்லாம் அப்போது கூடாது.

பிறகு நான் பேனாவை நீட்டினேன். அந்தத் தேதியை எழுதவேண்டும் என்றேன். ஏழுமலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார், போட்டார். மல்லிகா அதை அவர் கையிலிருந்து எடுத்து, யோசிக்காமல், நாள், மாதம், வருஷம் எழுதினாள். எழுத்து உருண்டையாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்துமாதிரி இருந்தது.

"எழுதிட்டா பேரு போய்டாதுல்ல மேடம்?"

"போகாது. பாக்கறீங்களா?"

திரையை அவள் பக்கம் திருப்பினேன். ஏழுமலையின் எண்ணைப் போட்டு வடிகட்டினேன். அவர் குடும்பம் மட்டும் நின்றது. அவள் எழுதிய தேதியைப் புதுக் கட்டத்தில் அடித்தேன். வரி அப்படியே இருந்தது. ஷீட்டில் கடைசியாகச் சேர்த்த பெயர் மேலே வரும்படி இருந்ததால் சின்ன யாழினி மேலே, மற்றவள் கீழே. மல்லிகா திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"பெரியவ மேல வரணும் மேடம்" என்றாள்.

பிறந்த தேதிப்படி வரிசை மாற்றினேன். யாழினி, அதற்குக் கீழே யாழினி. ஏழுமலை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, இப்ப சரி" என்றார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சாப்பாட்டு நேரம் முடியும் தறுவாயில் இருந்தது. அவர்கள் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் முற்றம் முழுக்கத் தெரியும். ஃபினிஷிங் இடது பக்கம், ஸ்டிச்சிங் வலது பக்கம் கடைசிக் கட்டடம். கணவன், மனைவி ஒரே கம்பெனியில் இருந்தாலும், இங்கே உள்ளே வந்துவிட்டால் அவரவர் செக்‌ஷன் ஆட்களோடுதான் நடப்பார்கள். அன்றைக்கு ஏழுமலை இடது பக்கம் திரும்பவில்லை. அவள் கூடவே வலது பக்கம் நடந்து போனார். ஸ்டிச்சிங் வாசல் படியில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவள் டிபன் பாக்ஸைத் திறந்து மூடியில் பாதியைப் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

மணி அடித்து லைன் ஓட ஆரம்பித்தது. என் மேஜைமேல் போன் அடித்தது. ஃபினிஷிங் சூப்பர்வைசர் பாஷா பாய்.

"மேடம், ஏழுமலை அங்க வந்தானா? லைன்ல ஆள் இல்ல."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"என்கூடத்தான் இருக்காரு பாய். கொஞ்ச நேரம் ஆகும்."